உறையில்லாத வாள்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று கடித இலக்கியம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனால் என் பேச்சின் பெரும்பகுதி ஒரு யுத்தக் கப்பலைப் பற்றியதாகவே இருக்கப் போகிறது. இலக்கிய நிகழ்ச்சியில் யுத்தக் கப்பலுக்கு என்ன அலுவல் என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். நான் எடுத்துக்கொண்ட கடிதம் அந்தக் கப்பலில் வைத்து எழுதப்பட்டது. எழுதியவர் அதன் கப்டன். எந்தப் பெண்ணுக்கு எழுதினாரோ அவருடைய கணவர் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர் அதே கப்பலின் மேற்றளத்தில் கொல்லப்பட்டிருந்தார். கப்பலின் கதை தெரியாமல் வாசித்தால் அது ஒரு சாதாரண அனுதாபக் கடிதமாகத்தான் தோன்றும்.

கப்பலின் பெயர் ஹுவாஸ்கர். தென்னமெரிக்காவில் ஸ்பானியர் வந்திறங்கிய வேளையில் இன்கா பேரரசிலே இரு சகோதரர்களுக்கிடையில் அரசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்தது. ஹுவாஸ்கர் தோற்றான். சகோதரன் அத்தாவல்பாவின் ஆணைப்படி கொல்லப்பட்டான். தோற்றுப்போன அந்த மன்னனின் பெயரையே பெரு நாட்டினர் தமது புதிய கப்பலுக்குச் சூட்டினர். பெயர் வைத்தவர்கள் சகுனம் பார்க்கவில்லைப் போலும்!

இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட் நகரில், லயர்ட் சகோதரர்களின் தளத்தில் கட்டப்பட்டு, 1865 ஒக்டோபர் 7 ஆம் திகதி இது நீரில் இறக்கப்பட்டது. மரக்கப்பல்களின் காலம் முடிந்துகொண்டிருந்த நேரம் அது. 1859 இல் பிரான்ஸ் தன் முதலாவது கவசக் கப்பலை வெள்ளோட்டம் விட்டது. மறு ஆண்டே பிரித்தானியா பதிலுக்கு 'வோரியர்' கப்பலை இறக்கியது. 1862 இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இரண்டு இரும்புக் கப்பல்கள் முதற் தடவையாக ஒன்றோடொன்று மோதி, ஒன்றையொன்று மூழ்கடிக்க முடியாமல் ஓய்ந்தன. அந்தப் பரம்பரையில் வந்ததுதான் ஹுவாஸ்கர். நீளம் ஏறத்தாழ 200 அடி. பக்கங்களிலே நாலரை அங்குல இரும்புக் கவசம். தளத்தின் நடுவே வட்டமான ஒரு சுழல் கோபுரம். அதற்குள் 300 இறாத்தல் குண்டு எறியும் இரண்டு பீரங்கிகள். முன்பக்கம், நீர்மட்டத்தின் கீழே, எதிரிக் கப்பலின் வயிற்றைக் கிழிப்பதற்கான இரும்பு அலகு.

அந்தச் சுழல் கோபுரம் தானாகச் சுழலாது. பதினாறு பேர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்குக் கால் மணித்தியாலம் பிடிக்கும். புதுயுகத்தின் அதிசயம் என்று புகழப்பட்ட இயந்திரத்தின் உள்ளே செக்கு இழுப்பதைப் போல் மனிதர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இக்கோபுரத்தை வடிவமைத்த கப்டன் கூப்பர் கோல்ஸ், 1870 இல் தாமே வகுத்த 'கப்டன்' என்ற இன்னொரு கப்பல் புயலில் கவிழ்ந்தபோது அதனோடு கடலில் மாண்டார். அந்தக் கப்பலும் அதே லயர்ட் தளத்தில் கட்டப்பட்டதுதான்.

பெரு இந்தக் கப்பலை வாங்கியது சிலியோடு போரிடுவதற்கல்ல, ஸ்பெயினோடு போரிடுவதற்கு. 1864 இல் ஸ்பானியக் கடற்படை பெருவின் சிஞ்சா தீவுகளைக் கைப்பற்றியிருந்தது. கடற்பறவைகளின் எச்சம் மலைபோற் குவிந்து, உரமாக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான தீவுகள் அவை. சிலி பெருவின் பக்கம் சேர்ந்தது. 1866 பெப்ரவரி 7 ஆம் திகதி அப்தாவோ என்னுமிடத்தில் இரு நாட்டுக் கப்பல்களும் ஒரே அணியாக நின்று ஸ்பானியரை எதிர்த்தன. ஹுவாஸ்கர் அப்போது வழியிலே வந்துகொண்டிருந்தது. ஆனால் இரண்டு மனிதர்கள் அங்கே இருந்தார்கள். பெருவின் 'யூனியொன்' கப்பலுக்குத் தலைமை தாங்கியவர் மிகுவேல் கிராவ். சிலியின் 'கொவதோங்கா' கப்பலில் பதினேழு வயது இளைஞனாக நின்றவர் ஆர்த்துரோ பிராட். ஒரே எதிரியை நோக்கிச் சுட்ட இவர்கள் இருவரும்தான் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் நம்முடைய கதையின் இரு கரைகளிலும் நிற்கப் போகிறவர்கள்.

இடையிலே 1877 இல் ஒரு விநோதம் நடந்தது. பெருவின் அரசியற் கிளர்ச்சியாளர் பியெரோலாவின் ஆட்கள் ஹுவாஸ்கரைக் கைப்பற்றிக் கொண்டு கடலில் திரிந்தார்கள். பிரித்தானிய வணிகக் கப்பல்களுக்கு இடைஞ்சல் செய்ததால் 'ஷா', 'அமெதிஸ்ட்' என்ற இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மே 29 ஆம் திகதி அதைத் தாக்கின. பல டசின் குண்டுகள் பட்டும் கவசத்தைத் துளைத்தது ஒன்றே ஒன்று. பொறுமையிழந்த 'ஷா' ஒரு டோர்பிடோவை ஏவியது. தன்னியக்க டோர்பிடோ போரில் ஏவப்பட்டது உலக வரலாற்றில் அதுவே முதற் தடவை. அது குறி தவறியது. இருளைப் பயன்படுத்தி ஹுவாஸ்கர் தப்பியது. பின்னர் பெரு அரசிடமே சரணடைந்தது.

இனி 1879.

அத்தகாமா பாலைவனத்தில் புல்கூட முளைக்காது. ஆனால் அங்கே நிலத்தில் வெடியுப்புக் கிடந்தது. உரத்துக்கும் வேண்டும், வெடிமருந்துக்கும் வேண்டும். பொலிவியாவின் கரையோரத்தில் வெடியுப்பு எடுத்துவந்த கம்பனியொன்றின் மீது பொலிவியா குவிண்டலுக்குப் பத்துச் சென்ராவோ வரி விதித்தது. அது முன்னைய ஒப்பந்தத்துக்கு முரண் என்றது சிலி. பெப்ரவரியில் சிலியின் படை அந்தொபகஸ்தா நகரில் இறங்கியது. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் 1873 இல் செய்துகொண்ட இரகசிய உடன்படிக்கை ஒன்று இருந்தது. ஏப்ரல் 5 ஆம் திகதி சிலி இரு நாடுகள் மீதும் போர் பிரகடனம் செய்தது. பத்துச் சென்ராவோவில் தொடங்கிய வழக்கு ஆயிரக்கணக்கானோரின் உயிரோடு முடிந்தது.

மே 21 ஆம் திகதி காலை, இக்கிக்கே துறைமுகத்தைச் சிலியின் இரண்டு பழைய மரக்கப்பல்கள் முற்றுகையிட்டு நின்றன. பிரதான கடற்படை வடக்கே பெருவின் கப்பல்களைத் தேடிப் போயிருந்தது. நின்றவற்றில் ஒன்று 'எஸ்மெரால்டா', தலைவர் ஆர்த்துரோ பிராட். அவர் கடற்படை அதிகாரி மட்டுமல்ல, சட்டத்தரணியுமாவார். வயது முப்பத்தொன்று. மற்றது 'கொவதோங்கா'. அவர்கள் எதிர்பாராத வேளையில் வடக்கிலிருந்து வந்தவை ஹுவாஸ்கரும் 'இண்டிபென்டென்சியா' என்ற பெருவின் பெரிய கவசக் கப்பலும். ஹுவாஸ்கரின் தலைவர் கிராவ்.

எஸ்மெரால்டாவின் குண்டுகள் ஹுவாஸ்கரின் கவசத்தில் பட்டுத் தெறித்தன. ஹுவாஸ்கரின் குண்டுகளோ பெரும்பாலும் இலக்கைத் தவறின. கோபுரத்தைச் சுற்றும் வேகத்தைத்தான் சொன்னேனே. பீரங்கிப் பயிற்சியும் போதாது. மணித்தியாலக்கணக்கில் இப்படிச் சென்றபின் கிராவ் தமது கப்பலின் அலகால் மோத முடிவு செய்தார். முதலாவது மோதலில் இரு கப்பல்களும் ஒட்டி நின்ற சில கணங்களில் பிராட் வாளோடு ஹுவாஸ்கரின் தளத்தில் குதித்தார். கூடக் குதிக்க முடிந்தது சார்ஜன்ட் அல்தேயா உள்ளிட்ட ஒரு சிலருக்கே. கப்பல்கள் விலகிவிட்டன. எதிரியின் தளத்தில், சுழல் கோபுரத்தின் அருகே பிராட் வீழ்ந்தார். இரண்டாவது மோதலில் லெப்டினன்ட் செரானோவும் சில வீரர்களும் குதித்து மாண்டனர். மூன்றாவது மோதலில் எஸ்மெரால்டா கொடியிறக்காமலே மூழ்கியது. கிராவ் உடனே படகுகளை இறக்கி, நீரில் தத்தளித்த ஐம்பதுக்கு மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார். அதைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிராவைக் 'கடலின் கனவான்' என்று பெரு கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் இரும்பு அலகு கொண்ட கப்பலை ஒரு பழைய மரக்கப்பல்மீது மூன்று தடவை ஏற்றியவரும் அவர்தான். காப்பாற்றிய படகுகளை மட்டும் நினைத்து மோதல்களை மறந்தால் நாம் கடிதத்தைச் சரியாக வாசிக்க மாட்டோம்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. தப்பியோடிய கொவதோங்காவைத் துரத்திய இண்டிபென்டென்சியா, கரையோரப் பாறையில் ஏறி உடைந்தது. பெரு தனது பெரிய கவசக் கப்பலை இழந்தது. வெற்றி பெற்ற அன்று மாலையே ஹுவாஸ்கர் ஏறத்தாழத் தனித்து விடப்பட்டது.

பிராட்டின் உடலில் இருந்த பொருட்களுக்கு ஹுவாஸ்கரின் அதிகாரி ஒருவர் பட்டியல் தயாரித்தார். மே 21 என்றே திகதி இட்டிருக்கிறார். எனக்கு இந்தப் பட்டியல் கடிதத்துக்குச் சற்றும் குறைந்ததாகத் தோன்றவில்லை. என்னென்ன இருந்தன? உறையில்லாத ஒரு வாள், அதைத் தொங்கவிடும் வார்களோடு. பொன்னாலான திருமண மோதிரம். முத்துச்சிப்பியாற் செய்த சட்டைப் பொத்தான்கள். இயேசுவின் திரு இருதயச் சின்னம், கார்மேல் அன்னையின் உத்தரியம், அமலோற்பவ மாதாவின் பதக்கம். ஒரு சோடி கையுறை. ஒரு வெள்ளை லேஞ்சி. ஒரு குறிப்புப் புத்தகம். வேறொருவரிடம் சேர்ப்பிக்க வேண்டிய, ஒட்டப்பட்ட ஒரு கடிதம். மூன்று புகைப்படங்கள். அவற்றில் ஒன்று அவரது மனைவியினுடையது, மற்ற இரண்டும் அனேகமாக அவரது பிள்ளைகளுடையவை.

அந்த 'அனேகமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டியல் எழுதுபவருக்கு அந்தக் குழந்தைகளைத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுத அவருக்கு மனமில்லை. அதே சமயம் வெறுமனே 'இரண்டு படங்கள்' என்று எழுதிவிட்டுப் போகவும் மனமில்லை. காலையிலே சுட்டு வீழ்த்திய மனிதரின் பையில் இருந்த படத்தைக் கையிலெடுத்து, இவை பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார். அவரது ஊகம் சரி. பிராட்டுக்கு அப்போது உயிரோடு இரண்டு பிள்ளைகள், ஒரு மகளும் ஒரு மகனும். ஒட்டப்பட்ட கடிதத்தை யாரும் பிரிக்கவில்லை என்பதும் கவனத்துக்குரியது. எதிரிக் கப்பலின் தலைவனிடமிருந்து எடுத்த கடிதம்! பிரித்துப் பார்க்கப் போர்க்காலத்தில் எத்தனையோ நியாயம் கிடைத்திருக்கும்.

இந்தப் பட்டியலை இணைத்து, பொருட்களோடு சேர்த்து, ஜுன் 2 ஆம் திகதி பிசாகுவா துறையில் நின்ற ஹுவாஸ்கரிலிருந்து பிராட்டின் மனைவி கார்மேலா கர்வஹாலுக்குக் கிராவ் எழுதினார். கடிதம் மிகச் சிறியது. ஒரு புனிதமான கடமை தன்னை எழுதத் தூண்டுகிறது என்கிறார். இந்தக் கடிதம் உங்கள் துயரத்தைப் புதுப்பிக்கும் என்பதற்காக வருந்துவதாகச் சொல்கிறார். இக்கிக்கே நீரில் ஹுவாஸ்கருக்கும் எஸ்மெரால்டாவுக்குமிடையே நடந்த சமரில் உங்கள் கணவர், தமது நாட்டுக் கொடியைக் காக்கும் முயற்சியில், முன்பின் பாராத துணிவுக்குப் பலியானார் என்கிறார். இந்தப் பொருட்கள் சிறிதளவு ஆறுதலாவது தரும் என்பதால் முந்திக்கொண்டு அனுப்புகிறேன் என்று முடிக்கிறார்.

இதிலே அலங்காரம் ஏதுமில்லை. இரு கப்பல்களின் பெயரையும் பக்கத்திற் பக்கத்தில் வைக்கிறார். எது வென்றது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, கடிதத்தின் தலைப்பிலேயே ஹுவாஸ்கர் என்று இருக்கிறது. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது பொய்யாகியிருக்கும், ஏனெனில் மறுநாளே போருக்குப் போகப் போகிறவர். 'முன்பின் பாராத துணிவு' என்ற சொல்லில் பாராட்டும் இருக்கிறது, அனுபவசாலியான ஒரு கப்டனின் கண்டிப்பும் இருக்கிறது. 'இந்த மனிதர் இப்படிக் குதித்திருக்க வேண்டியதில்லையே' என்ற ஆதங்கம் அந்தச் சொல்லுக்குள்ளே எனக்குக் கேட்கிறது.

புறங்காட்டுவோர்மீது வாள் ஓச்சாத பண்பைப் பாடுவதற்குத் தழிஞ்சி என்றொரு துறையே நம் புறப்பொருள் இலக்கணத்தில் உண்டு. அதை இங்கே பொருத்திப் பார்க்க ஆசை வரும். ஆனால் பொருந்தாது. எஸ்மெரால்டா புறங்காட்டவில்லை. கிராவும் கையை நிறுத்தவில்லை. அடித்து முடித்த பின்னர், அடிபட்டவரின் வீட்டுக்கு நேராக முகம் கொடுத்து எழுதிய கடிதம் இது. இதற்கு நம் இலக்கணகாரர் துறை வகுத்ததாகத் தெரியவில்லை.

கார்மேலா ஓகஸ்ட் 1 ஆம் திகதி வல்பரைசோவிலிருந்து பதில் எழுதினார். என் கருத்தில் இரண்டு கடிதங்களில் மேலானது இவருடையதே. போர் வெறி தலைக்கேறியிருக்கும் வேளையில் என் துக்கத்தில் பங்குகொள்ளத் துணிந்தீர்களே என்கிறார். வாளைப் பற்றிப் பேசும்போது, அது ஒருபோதும் சரணடையாத வாள் என்பதைக் குறிப்பிடத் தவறவில்லை. நன்றி சொல்லும் அதே வரியில் தலை நிமிர்ந்தும் நிற்கிறார். உங்களால் முடிந்திருந்தால் என் கணவருக்கும் அவரைக் கொன்றவனுக்கும் இடையிலே நீங்கள் புகுந்து தடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்றும் எழுதுகிறார். இளம் விதவை ஒருத்தி, கணவரைக் கொன்ற கப்பலின் தலைவருக்கு.

பதில் எழுதப்பட்ட காலத்தில் ஹுவாஸ்கரின் பெயர் சிலியிலே எல்லோர் வாயிலும் இருந்தது. ஒற்றைக் கப்பல் ஒரு நாட்டின் படையெடுப்பையே தாமதப்படுத்திக்கொண்டிருந்தது. ஜுலை 23 ஆம் திகதி 'ரீமாக்' என்ற போக்குவரத்துக் கப்பலை, அதிலிருந்த குதிரைப்படை ரெஜிமென்ட்டோடு சேர்த்துப் பிடித்தது. சிலியில் அரசியல் நெருக்கடி மூண்டது. ஓகஸ்ட் இறுதியில் அந்தொபகஸ்தாவில் ஹுவாஸ்கர் ஏவிய டோர்பிடோ வழிதவறி ஹுவாஸ்கரை நோக்கியே திரும்பி வந்தது! லெப்டினன்ட் டியெஸ் கன்செக்கோ என்பவர் கடலில் பாய்ந்து, அதைக் கையால் தள்ளித் திசை திருப்பினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் பிரித்தானியரின் டோர்பிடோவுக்குத் தப்பிய கப்பல் சொந்த டோர்பிடோவுக்கு இரையாகாமல் தப்பியது இப்படித்தான்.

ஒக்டோபர் 8 ஆம் திகதி காலை, அங்கமோஸ் முனைக்கு அருகே சிலியின் இரு பெரிய கவசக் கப்பல்கள் அதை இடைமறித்தன. கூட வந்த 'யூனியொன்' வேகத்தால் தப்பியது. முதலில் நெருங்கியது கப்டன் லட்டோரேயின் 'கொக்ரேன்'. சமர் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே கட்டளைக் கோபுரத்தைத் துளைத்து வெடித்த குண்டு கிராவைச் சிதறடித்தது. அவருக்குக் கீழே நின்ற லெப்டினன்ட் பெரேயும் இறந்தார். கிராவின் உடலிற் கிடைத்தது காலின் ஒரு பகுதி மட்டுமே. அடுத்துத் தலைமையேற்ற அகிரே கொல்லப்பட்டார். அவருக்கு அடுத்தவரும் கொல்லப்பட்டார். அடுத்தவர் படுகாயமுற்றார். கடைசியிற் பொறுப்பேற்ற லெப்டினன்ட் காரெசொன், கப்பலை எதிரியிடம் விடாமல் மூழ்கடிப்பதற்காக அடித்தட்டு வால்வுகளைத் திறக்கச் சொன்னார். நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே சிலி வீரர்கள் ஏறி, துப்பாக்கி முனையில் இயந்திரப் பணியாளரைக் கொண்டு வால்வுகளை மூடுவித்தனர். ஒன்றரை மணித்தியாலத்துள் எல்லாம் முடிந்தது.

கிராவ் மே மாதம் 8 ஆம் திகதி, போருக்குப் புறப்படுமுன், தம் மனைவி தொலோரஸுக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். உயிர் நிலையில்லாதது என்பதால் சில பொறுப்புகளைச் சொல்லிவிட்டுப் போவதாக எழுதிய கடிதம். அதில் முதலாவது வேண்டுகோள், தான் எப்போதாவது மனம் நோகச் செய்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்பது. இரண்டாவது, பிள்ளைகளின் கல்வியைக் கண்ணுங் கருத்துமாகக் கவனிக்க வேண்டும் என்பது. கார்மேலாவுக்கு எழுதியவர் யார் என்று அறிய வேண்டுமானால் இதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

அதன் பின்னர் கப்பல் சிலியின் கொடியின் கீழ் ஓடியது. 1880 பெப்ரவரி 27 ஆம் திகதி, அரிக்கா துறைமுகத்தில் பெருவின் 'மன்கோ கபாக்' கப்பலோடு மோதியபோது, ஹுவாஸ்கரின் சிலித் தலைவர் மனுவேல் தொம்சன் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். மன்கோ கபாக் என்பது இன்கா வம்சத்தின் ஆதி மன்னன் பெயர். வம்சத்தின் முதல்வன் பேரர் வழியில் வந்தவன்மீது குண்டெறிந்தான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சொல்லவும் மனம் வரவில்லை. பிராட், கிராவ், தொம்சன்: ஒன்பது மாத காலத்தில் இந்தச் சின்னக் கப்பலின் தளத்திலே உயிர்விட்ட தலைவர்கள் மூவர்.

1888 இல் பிராட்டின் எச்சங்கள் இக்கிக்கேயிலிருந்து வல்பரைசோவுக்குக் கடல்வழியே கொண்டு செல்லப்பட்டன. கொண்டு சென்றது ஹுவாஸ்கர். சிலியிலே அடக்கம் செய்யப்பட்டிருந்த கிராவின் எச்சங்களைச் சிலி 1890 இல் பெருவிடம் ஒப்படைத்தது. கப்பலை ஒப்படைக்கவில்லை. பெருவிலே அதைத் திருப்பிக் கேட்கும் குரல்கள் உண்டு. அதற்குச் சம்மதியாத குரல்கள் சிலியில் உண்டு.

கப்பலின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். 1917 முதல் 1930 வரை சிலியின் முதலாவது நீர்மூழ்கிகளுக்குத் துணைக்கப்பலாக நின்றது. முப்பதுகளிலும் ஐம்பதுகளிலும் திருத்தப்பட்டு, தல்காவானோ துறையில் மிதக்கும் நினைவகமாயிற்று. பிராட்டும் கிராவும் தொம்சனும் விழுந்த இடங்களை அதில் அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். சிலியின் கடற்படையினர்தான் அந்தத் தளத்தைத் துடைத்துப் பேணுகிறார்கள், கிராவ் இறந்த இடம் உட்பட.

2010 இல் சிலியை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து கடல் பொங்கியது. தல்காவானோ கடற்படைத் தளம் பலத்த சேதமடைந்தது. ஹுவாஸ்கர் தப்பியது. அன்றைய திகதியும் பெப்ரவரி 27, தொம்சன் இறந்த அதே திகதி.